தபால் வழிக் கல்வி: மாணவர் கட்டும் பணம் எங்கே போகிறது, அரசு நிதி தர வேண்டுமா, கணக்குக் கேட்பது யார்?

மேசைவிளக்கு எழுதியது:

பல்கலைக்கழகங்களின் பணத் தட்டுப்பாடு பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் "தொலைநிலைக் கல்வி வருமானம் விழுந்துவிட்டது" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அந்த வருமானத்தைக் கட்டியவர் யார் என்ற கேள்வி மட்டும் வராது. பகலில் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு ராத்திரி பி.காம். புத்தகத்தைத் திறப்பவர் கட்டிய பணம் அது. ரெகுலர் மாணவருக்கு ஆசிரியர் சம்பளம், கட்டடம், ஆய்வகம் எல்லாவற்றிலும் அரசுப் பங்கு உண்டு. தபாலில் படிப்பவருக்கு அரசு ஒரு பைசா தருவதில்லை. அவர் தன் படிப்புச் செலவையும் கட்டி, மிச்சத்தில் வளாகத்தையும் தாங்குகிறார்.

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வியில் இருப்பவர்கள் 4.33 கோடி. தொலைநிலையில் சுமார் 45.7 லட்சம், அதில் பெண்கள் 20.9 லட்சம். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். இவ்வளவு பேருக்கு மாநில பட்ஜெட்டில் தனியாக ஒரு தலைப்பு வேண்டாமா? தலைப்பு வந்தால் அந்தப் பணத்துக்கும், மாணவர் கட்டும் பணத்துக்கும் கணக்குக் கேட்பது யார்? யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு), உயர்கல்வித் துறை, தணிக்கை, சிண்டிகேட் (பல்கலையின் ஆட்சிக்குழு) என்று நாலு இடம் இருக்கிறது. நாலு இடத்திலும் மாணவர் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதில்லை என்பது என் கருத்து. உள்விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


பழைய_லெட்ஜர் எழுதியது:

ஒரு திருத்தத்தோடு தொடங்குகிறேன் சார். ஒரு பைசா இல்லை என்பது முழுக்கச் சரியில்லை. மத்தியத் திறந்தநிலைப் பல்கலையான இக்னோவுக்கு மத்திய அரசு மானியம் உண்டு. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் 2010 வழிகாட்டுதலில் தபால் வழிப் படிப்பும் சேர்ந்திருந்தது: கட்டணம் திரும்பக் கிடைத்தது, புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் கிடைத்தது. ஆனால் மாநிலப் பல்கலைகளின் தொலைநிலை இயக்ககங்களைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. அவை தொடங்கியதே சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற கணக்கில்தான்.

டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் தொடங்கியது. மதுரை 1971, அண்ணாமலை 1979, சென்னை 1981. இந்தப் படிப்பின் செலவு எப்படிப்பட்டது என்று பார்த்தால் பல்கலைகளுக்கு ஏன் இதில் ஆசை வந்தது என்பது புரியும். பாடம் எழுதி வாங்கி, சரிபார்த்து, வடிவமைக்க ஆகும் செலவு எத்தனை பேர் சேர்ந்தாலும் ஒன்றே. உதாரணத்துக்கு ஒரு படிப்புக்கு 10 லட்சம் என்று வையுங்கள். 200 பேர் சேர்ந்தால் தலைக்கு 5,000 ரூபாய். 20,000 பேர் சேர்ந்தால் தலைக்கு 50 ரூபாய். அதற்கு மேல் அச்சு, தபால், வகுப்பெடுப்பவருக்கு மதிப்பூதியம், விடைத்தாள் திருத்தும் கூலி. எண்ணிக்கை ஏற ஏற மிச்சம் பெருகும்.

மிச்சம் வந்தது தப்பில்லை. அதைப் பொதுக் கணக்கில் போட்டு, நிரந்தரச் செலவை அதன் தலையில் ஏற்றியதுதான் தப்பு. ஓய்வூதியம், தொகுப்பூதியப் பணியாளர் சம்பளம், கட்டடப் பராமரிப்பு எல்லாம் இந்த வரவை நம்பி ஓடின. ஓய்வூதியம் நாற்பது வருடத்துக்கு நிற்கும் பொறுப்பு. தொலைநிலைக் கட்டணமோ அடுத்த பருவத்துக்கு அனுமதி கிடைக்காவிட்டால் அன்றே நின்றுவிடும்.

அப்படித்தான் நின்றது. 1991 முதல் இக்னோவுக்குள் இருந்த தொலைநிலைக் கல்விக் குழு 2013-ல் கலைக்கப்பட்டு, அதிகாரம் யுஜிசிக்குப் போனது. மாநிலப் பல்கலை தன் மாநிலத்துக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்பது கறாரானது. 2017-ல் முழு ஒழுங்குமுறை வந்தது. 2018 திருத்தத்தில் நாக் (உயர்கல்வி நிறுவனங்களைத் தரமிடும் தேசிய அமைப்பு) மதிப்பீட்டில் 4-க்கு 3.26 வேண்டும் என்றார்கள். 2020 செப்டம்பர் ஒழுங்குமுறையில் அது 3.01 ஆனது, அல்லது மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் முதல் 100-க்குள் வந்திருக்க வேண்டும். வரவு சுருங்கியது. ஓய்வூதியம் சுருங்கவில்லை.

அந்த நாக் மதிப்பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் வளாகத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண்: ஆய்வுக் கட்டுரை, நூலகம், ஆசிரியர் எண்ணிக்கை. தபால் மாணவருக்குப் புத்தகம் எந்த மாதம் போய்ச் சேர்ந்தது என்பது அதில் எடை பெறுவதில்லை. வளாகம் நன்றாக இருந்தால் தபால் கல்வியும் நன்றாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு அனுமதி தருகிறார்கள்.


தணிக்கைத்தாள் எழுதியது:

லெட்ஜர் ஐயா சொன்னதோடு ஒட்டி, பலரும் கவனிக்காத ஒரு விஷயம். தொலைநிலைக் கட்டணம் ஏற ஏற, பல்கலையின் மொத்த வரவில் அரசு மானியத்தின் சதவீதம் இறங்கும். அந்தச் சதவீதத்தின் மேல் இரண்டு சட்டங்கள் நிற்கின்றன.

ஒன்று, வருமான வரி. 1961 சட்டத்தின் 10(23சி)(iiiஏபி) பிரிவில், முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு விலக்கு இருந்தது. பெரும்பகுதி என்பதற்கு 2பிபிபி விதி ஒரு கோடு போட்டது: மொத்த வரவில் அரசு மானியம் 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். மானியம் 100 கோடி, கட்டண வரவு 120 கோடி என்றால் மானியம் 45 சதவீதம்தான். விலக்கு போச்சு. வேறு பிரிவில் பதிவு செய்து, கணக்கு தாக்கல் செய்து, வருமானத்தில் 85 சதவீதத்தைக் கல்விக்கே செலவிட்டதாகக் காட்டியும் விலக்கு பெற முடியும். அரசுப் பல்கலைக்கு எதற்குப் பதிவு என்று இருந்துவிட்டால் பழைய வருடங்களுக்கும் சேர்த்து நோட்டீஸ் வரும். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டபோது 424 கோடி ரூபாய் வரிப் பாக்கி என்று செய்தி வந்தது. அங்கே விவாதமே இந்த மானிய விகிதத்தைச் சுற்றித்தான்.

இரண்டாவது, தணிக்கை. சிஏஜி என்ற இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 1971 சட்டம் 14-ஆம் பிரிவின்படி, ஒரு நிறுவனத்துக்கு அரசு தரும் தொகை 25 லட்சத்துக்குக் குறையாமலும் அதன் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் சிஏஜி தானாகவே முழு வரவு செலவையும் தணிக்கை செய்யலாம். 75-க்குக் கீழே இறங்கினால், மானியம் 1 கோடிக்குக் குறையாமல் இருந்து, ஆளுநரின் முன் ஒப்புதலும் கிடைக்க வேண்டும். ஆக மாணவர் கட்டும் பணம் அதிகமாக அதிகமாக வரி விலக்கும் பலவீனமாகிறது, தணிக்கையின் நேரடி வாசலும் சாத்துகிறது. கண்காணிப்பு அதிகம் தேவைப்படும் நேரத்தில் சட்டப்படி அது குறைகிறது.

மிச்சம் இருப்பது மாநிலத்தின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. பல்கலைக் கணக்குகளை அவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். அவர்களின் ஆட்சேபணைகளைப் படித்தால் பெரும்பாலும் நேர் செய்யாத முன்பணம், ஒப்புதல் இல்லாத பணியிடம், டெண்டர் இல்லாத அச்சு வேலை, தவறான ஊதிய நிர்ணயம். எல்லாம் தேவையானவையே. ஆனால் 'இத்தனை ஆயிரம் பேரிடம் ஒரு தாளுக்குக் கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள், அந்தத் தாளுக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது' என்ற கேள்வி அதில் வராது. வவுச்சர் சரியாக இருந்தால் வகுப்பு நடந்ததாக ஆகிவிடும்.


பாடம்எழுதி எழுதியது:

பணம் மாணவரிடம் போய்ச் சேரும் முதல் இடம் புத்தகம். அதனால் அங்கிருந்து பார்ப்போம்.

யுஜிசி கணக்கில் 1 கிரெடிட் என்பது மாணவர் 30 மணி நேரம் படிப்பது. 4 கிரெடிட் தாள் என்றால் 120 மணி நேரம். அதற்குப் பாடநூலில் 14 முதல் 16 அலகு, நேரடி வழிகாட்டல் 12 மணி நேரம். தன்னால் படித்துக்கொள்ளும்படி எழுத வேண்டும் என்பதால் அலகின் தொடக்கத்தில் என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பது, நாலு பக்கத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே சோதிக்கும் கேள்வி, அதற்கு விடைக் குறிப்பு, கடைசியில் கலைச்சொல் பட்டியல் இருக்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் முகம் பார்த்துத் திருப்பிச் சொல்வாரே, அந்த வேலையைப் புத்தகம் செய்தாக வேண்டும்.

நடப்பதில் கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது, அலகுக்கு இவ்வளவு என்று குறைந்த மதிப்பூதியத்துக்கு எழுதி வாங்குகிறார்கள். எழுதுபவர் தன் வகுப்புக் குறிப்பை அப்படியே தருகிறார். "அலகு 1" என்று தலைப்பு மாறியிருக்கும், உள்ளே கேள்வியும் இருக்காது, விடைக்குறிப்பும் இருக்காது. இரண்டாவது, தமிழாக்கம். ஒரே நூலில் ஒரு அலகில் 'தேய்மானம்', அடுத்ததில் 'மதிப்பிறக்கம்', வினாத்தாளில் இன்னொரு சொல். மாணவருக்கு மூன்றும் ஒன்று என்று சொல்ல எதிரே ஆள் இல்லை. மூன்றாவதுதான் பெரிய கேடு: பாடத்திட்டம் மாறிய பிறகும் பழைய அச்சுப் பிரதி தீரும்வரை அனுப்புவது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. அதன் பிறகும் மதிப்புக் கூட்டு வரியையும் சேவை வரியையும் மட்டும் பேசும் மறைமுக வரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன தேர்வு எழுத முடியும்? கிடங்கில் இருக்கும் 3,000 பிரதியைத் தள்ளுபடி செய்தால் தணிக்கை ஆட்சேபணை வரும் என்று பயந்து அனுப்புகிறார்கள். தணிக்கைத்தாள் சார், உங்கள் பக்கத்திலிருந்தும் இதற்கு வழி சொல்லுங்கள்.

நிதி பற்றி: ஒவ்வொரு படிப்புக்கும் அனுமதி கேட்கும்போது பல்கலை ஒரு திட்ட அறிக்கை கொடுக்கிறது. அதில் செலவு மதிப்பீடு என்று ஒரு பகுதி கட்டாயம். பாடம் தயாரிக்க எவ்வளவு, அனுப்ப எவ்வளவு, பராமரிக்க எவ்வளவு. அந்த மதிப்பீட்டையும் வருடக் கடைசியில் உண்மையில் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கண்காணிப்புக்கு என்று புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அந்த ஒரு ஒப்பீடு போதும் பாதி விஷயம் வெளியே வர.


தணிக்கைத்தாள் எழுதியது:

மேடம் கேட்டதற்கு: வழி இருக்கிறது. பாடத்திட்டம் மாறும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே பாடக்குழு தீர்மானத்தை அச்சுப் பிரிவுக்கு அனுப்பி, அந்தப் பருவச் சேர்க்கைக்கு மேல் மறு அச்சு ஆர்டர் போடாமல் நிறுத்த வேண்டும். மீந்த பிரதிகளைப் 'பயன்பாடு முடிந்தவை' என்று குழு போட்டுப் பட்டியலிட்டு, நிதிக்குழு ஒப்புதலோடு தள்ளினால் ஆட்சேபணை நிற்காது. ஆட்சேபணை வருவது தள்ளுபடிக்காக அல்ல, தேவையைக் கணக்கிடாமல் 5,000 பிரதி அடித்ததற்காக. சேர்க்கை முடிவதற்கு முன்பே மொத்தமாக அச்சடிப்பதை விட்டுவிட்டு 500, 500 ஆக அடித்தால் பிரதிக்குச் சில ரூபாய் கூடும், கிடங்கு நஷ்டம் இருக்காது.


மாவட்டமையம் எழுதியது:

எல்லாப் பழியும் நேரடி வகுப்பு நடத்தும் படிப்பு மையத்தின் மேல் விழுவது வழக்கம். அதனால் மையத்தின் பக்கக் கணக்கையும் சொல்கிறேன்.

விதிப்படி மையம் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்துக்குள் இருக்க வேண்டும், அதே பாடம் அங்கே ரெகுலரில் நடக்க வேண்டும். டுடோரியலுக்கும் ஜெராக்ஸ் கடை மாடிக்கும் இடமில்லை, ஃபிரான்சைஸ் கூடவே கூடாது. சேர்க்கை செய்யும் அதிகாரமும் மையத்துக்குக் கிடையாது. இது நல்ல விதி, மனதார வரவேற்கிறேன்.

மேடம் சொன்ன 12 மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு 6 மணி நேரம் என்றால் ஒரு தாளுக்கு இரண்டு ஞாயிறு. பருவத்துக்கு ஐந்து தாள் என்றால் பத்து ஞாயிறு. ஒரு பருவத்தில் பத்து ஞாயிறு நடத்துவது முடியாத காரியமே இல்லை. பிறகு ஏன் நாலு ஞாயிறோடு நின்றுவிடுகிறது?

மதிப்பூதியம் போகும் பாதையைப் பாருங்கள். வருகைப் பதிவேடு, வகுப்பெடுத்தவரின் ரசீது, ஒருங்கிணைப்பாளர் சான்று, இயக்ககத்தின் பிரிவு எழுத்தர், நிதி அலுவலர், முன் தணிக்கை, பிறகு வங்கி. மையத்துக்கு முதலில் ஒரு முன்பணம் தருகிறார்கள். பத்து பேர் பில்லில் ஒருவரின் வங்கி எண் தவறு என்றால் மொத்த பில்லும் திரும்பி வரும். அது திரும்பி நேர் ஆகும்வரை அடுத்த முன்பணம் வராது. போன பருவத்துப் பணம் வராத ஆசிரியர் இந்தப் பருவம் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். வகுப்பு அங்கேதான் சாகிறது. பில்லை ஆள்வாரியாகப் பிரித்து, சரியானதை உடனே பாஸ் செய்து, தவறான ஒன்றை மட்டும் நிறுத்தி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். இதற்கு அரசு நிதிகூடத் தேவையில்லை.

அரசு நிதி தேவைப்படுவது தூரத்து மையங்களுக்கு. மலைப்பகுதியிலோ கடலோரத்திலோ 40 பேர் இருக்கும் மையமும் 12 மணி நேரம் நடத்த வேண்டும், 400 பேர் இருக்கும் மையமும் அதே 12 மணி நேரம்தான். கட்டணத்தில் மட்டும் ஓட்டினால் 40 பேர் மையம் முதலில் மூடப்படும். யாருக்காக இந்தக் கல்வி தொடங்கப்பட்டதோ அவர்கள்தான் அந்த 40 பேர்.


நெல்லைச்சீமை எழுதியது:

ஒவ்வொரு பல்கலையும் தனித்தனியாக இதை நடத்துவதே வீண் செலவு இல்லையா? தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இருக்கிறது. பக்கத்தில் கேரளத்தில் 2020-ல் கொல்லத்தில் ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது தொலைநிலைப் படிப்பை அதன் கீழ் கொண்டுவரப் பார்த்தார்கள். ஒரே இடம் என்றால் ஒரே பாடநூல், ஒரே தணிக்கை, ஒரே தலைப்பில் மானியம். அரசுக்கும் கணக்குக் கேட்கச் சுலபம்.


பழைய_லெட்ஜர் எழுதியது:

தம்பி, பாடநூல் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். பி.ஏ. தமிழுக்கும் பி.காமுக்கும் அஞ்சு பல்கலை அஞ்சு நூல் எழுதி வாங்குவது வீண்தான். பொதுவாக எழுதி, தமிழில் ஒழுங்காகச் செம்மைப்படுத்தி, யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று திறந்துவிடலாம்.

ஆனால் நிறுவனத்தையே ஒன்றாக்கினால் அனுமதியில் ஒரு தடங்கல் வந்தால் மாநிலம் முழுக்கச் சேர்க்கை நிற்கும். 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் என்றபோது எத்தனை குடும்பம் பதறியது என்று நினைத்துப் பாருங்கள். பிரச்சினை பல்கலைக்கும் யுஜிசிக்கும் நடுவே. கையில் சான்றிதழோடு அல்லாடியவர் மாணவர். சேர்க்கை நடந்துகொண்டிருந்த வருடங்களில் மாநில அரசோ யுஜிசியோ வாசலில் நின்று நிறுத்தியிருக்க வேண்டும், ஏழு வருடம் கழித்து அறிவிப்பு போடுவது கண்காணிப்பு ஆகாது.

பொறியியலில் இன்னும் மோசம். தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்த நிகர்நிலைப் பல்கலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 3 அன்று, 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டத்தை நிறுத்திவைத்து, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால்தான் செல்லும் என்றது. படித்து, வேலைக்குப் போய், பதவி உயர்வு வாங்கி, பத்து வருடம் கழித்து மறுபடி தேர்வு.


வினாக்கட்டு எழுதியது:

தேர்வைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பணமும் கண்காணிப்பும் கடைசியில் அங்கேதான் மோதும்.

உள்மதிப்பீடு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பருவத் தேர்வு 70-க்குக் குறையக் கூடாது. தேர்வு மையத்தில் கேமரா, அடையாளம் சரிபார்ப்பு எல்லாம் விதியில் இருக்கிறது. பெரிய ஓட்டை வேறு இடத்தில். பல இயக்ககங்களில் சேர்க்கைப் பதிவேடு ஒரு மென்பொருள், தேர்வு விண்ணப்பம் இன்னொரு மென்பொருள், கட்டணம் வங்கியில். மூன்றும் ஒன்றோடொன்று பேசாது. 'பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்குக் கடைசி வாய்ப்பு' என்று முப்பது, நாற்பது வருடம் முன்பு சேர்ந்தவர்களுக்கும் கதவைத் திறக்கும்போது, சேராதவர் ஒரு பழைய பதிவு எண்ணோடு உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது. கொரோனா கால ஆன்லைன் தேர்வுகளில் இந்த ஆபத்து இரட்டிப்பானது, முகம் பார்த்து ஹால் டிக்கெட் வாங்க ஆளில்லை.

அடைக்கும் முறை கடினமில்லை. பழைய எண் எதுவானாலும் நாலு காகிதம் பொருந்த வேண்டும்: சேர்க்கை ஆண்டின் பெயர்ப் பட்டியல், அப்போது கொடுத்த மாற்றுச் சான்றிதழ், ஏதாவது ஒரு வருடத்துக் கட்டணச் சலான் வங்கி வரவோடு, முன்பு எழுதிய ஒரு தேர்வின் மதிப்பெண் பதிவேடு. நாலில் ஒன்று இல்லையென்றால் ஹால் டிக்கெட் போகக் கூடாது. பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து எண் வாரியாக அடுக்குவதற்குத்தான் முதல் மானியம் தர வேண்டும் என்பேன். ஒரு முறைச் செலவு, என்றைக்கும் பயன்.


புதுச்சேர்க்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். படித்ததும் பயமாக இருக்கிறது. அக்காவுக்கு எம்.ஏ. சேர்க்க வேண்டும். என்ன பார்த்துச் சேர்ப்பது என்று யாராவது சொல்ல முடியுமா?


தகவல்_மனு எழுதியது:

பயப்பட வேண்டாம் தம்பி. ஒழுங்குமுறைப்படி அனுமதி பெற்ற பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசியே 2022 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. சேரும் முன் இதைச் செய்யுங்கள்.

யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அனுமதிப் பட்டியல் இருக்கும். பல்கலையின் பெயர் மட்டும் பார்த்தால் போதாது. அக்கா சேரும் அதே கல்வியாண்டு, அதே பருவம் (ஜனவரி-பிப்ரவரியா, ஜூலை-ஆகஸ்டா), அதே பாடத்தின் பெயர் மூன்றும் பொருந்த வேண்டும். போன வருடப் பட்டியல் செல்லாது. அந்தப் பக்கத்தை அன்றைய தேதியோடு பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள், பத்து வருடம் கழித்து வேலைக்குச் சான்று சரிபார்க்கும்போது உதவும். அடுத்து டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட் கணக்கு எண்), அதை வைத்து டெப் ஐடி (யுஜிசி தொலைநிலைப் பிரிவு தரும் மாணவர் எண்). 2024-லிருந்து இது கட்டாயம். பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார் இரண்டிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்க வேண்டும், இங்கேதான் பலருக்கு மாட்டிக்கொள்ளும். கட்டணம் பல்கலையின் தளத்தில் மட்டும். மையத்தில் ரொக்கமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டம் வந்ததும் அதில் படிப்பு முறை, சேர்ந்த தேதி, முடித்த தேதி, மையத்தின் பெயர் எல்லாம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், அது விதி. பி.எட். என்றால் ஆசிரியர் கல்விக் குழுவான என்சிடிஇ அனுமதியும் தேவை. ஒன்று மறக்காதீர்கள்: அக்கா பிளஸ் டூ, மூன்று வருட டிகிரி என்ற வரிசையில் வந்திருக்க வேண்டும். அடிப்படைப் பட்டம் இல்லாமல் நேரே திறந்தநிலையில் வாங்கிய முதுகலை அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

மேசைவிளக்கு சார் கேட்ட கணக்குக்கு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடலாம். பல்கலையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். 'ஏன் வகுப்பு நடக்கவில்லை' என்று கேட்டால் விளக்கம் தர இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: தொலைநிலை இயக்ககத்தின் தலைப்பு வாரியான வரவு செலவு, அங்கிருந்து பொதுக் கணக்குக்கு மாற்றிய தொகைக்கான ஆணைகள், நிலுவையில் உள்ள தணிக்கை ஆட்சேபணைப் பட்டியல், உள் தர உறுதி மையத்தின் ஆண்டறிக்கை. ஒரு மனுவுக்கு மூன்று வருடத்துக்கு மேல் கேட்காதீர்கள். அதிகம் கேட்டால் 'ஆவணம் திரட்ட அளவுக்கு மீறிய உழைப்பு' என்று நிறுத்துவார்கள்.


பழைய_லெட்ஜர் எழுதியது:

நிதி எப்படித் தருவது என்பதற்கு என் யோசனை. பல்கலையின் மொத்த மானியத்தோடு கலந்து தரக் கூடாது. கலந்தால் சம்பளத்தில் கரைந்துவிடும். குறித்த நோக்கத்துக்கான மானியமாக மூன்று தலைப்பில் மட்டும்: பாடநூல் புதுப்பித்தல், 100 பேருக்குக் குறைவான மையங்களின் வகுப்புச் செலவு, பதிவேடு கணினிமயம். ஓய்வூதியப் பொறுப்பை மாநில அரசு தனியாக ஏற்க வேண்டும். அதை ஏற்காதவரை எந்த மானியமும் அந்தப் பள்ளத்தில்தான் விழும்.


தணிக்கைத்தாள் எழுதியது:

அதற்கு இன்னொரு பலன் உண்டு ஐயா. குறித்த நோக்கத்துக்கான மானியம் என்றால் சிஏஜி சட்டத்தின் 15-ஆம் பிரிவு வருகிறது. மானிய நிபந்தனை நிறைவேறியதா என்று துறை எப்படித் திருப்தி அடைந்தது என்பதை அவர்கள் ஆராயலாம். 75 சதவீதக் கோடு அங்கே இல்லை. ஆனால் பயன்பாட்டுச் சான்றிதழை இப்போது இருக்கும் வடிவில் வாங்கினால் பிரயோஜனம் இல்லை. 'ஒதுக்கிய தொகை ஒதுக்கிய நோக்கத்துக்கே செலவிடப்பட்டது' என்று ஒரு வரி, ஒரு கையெழுத்து. அதோடு மாணவர் வாரியான பட்டியல் இணைக்க வேண்டும் என்று நிபந்தனையிலேயே எழுத வேண்டும்.


பாடம்எழுதி எழுதியது:

அந்தப் பட்டியலில் புத்தகம் 'அனுப்பிய தேதி' என்று போடாதீர்கள் சார், 'மாணவர் பெற்ற தேதி' என்று போடுங்கள். தபால் எண்ணை வைத்து எடுக்கலாம். தேர்வுக்குப் பத்து நாள் முன் கிடைத்த புத்தகமும் இப்போது அனுப்பியதாகத்தான் கணக்கில் இருக்கிறது. 120 மணி நேரம் படிக்க வேண்டிய தாள், அஞ்சு தாளுக்கு 600 மணி நேரம். வேலைக்குப் போகிறவர் தினம் 4 மணி நேரம் ஒதுக்கினாலும் 150 நாள் வேண்டும்.


மேசைவிளக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உயர்கல்வித் துறைக்குக் கொடுக்கும் மனுவில் இணைப்பாக ஒரு படிவம் வைக்கிறேன். பத்திகள் இப்போதைக்கு: பதிவு எண், கட்டணம் வரவான தேதி, ஒவ்வொரு தாளின் புத்தகமும் மாணவர் கைக்கு வந்த தேதி, அந்தத் தாளுக்கு மையத்தில் நடந்த வகுப்பு மணி நேரம், வகுப்பெடுத்தவருக்குப் பணம் போன தேதி, தேர்வு முடிவு வந்த தேதி. பெயர் வேண்டாம், எண் போதும். மாவட்டமையம் சார், ஆள்வாரியாக பில் பிரிப்பது பற்றி நீங்கள் சொன்னதை நடைமுறை வரிசையோடு எழுதி அனுப்புங்கள், தனிக் கோரிக்கையாகச் சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் திங்கள் காலை பதிவுத் தபாலில் போய்விடும்.